நூல் பிடித்த தூரம்

பிளேன் வருமா என்று பவளராணி கேட்டதற்கு விமான நிலையத்து ஏஜென்ற் எலிசாபி புருவத்தை உயர்த்தினாள். வரும். அவ்வளவுதான் பதில், நவ்யாட்டில் அதற்குமேல் யாரும் வாயைச் செலவழிப்பதில்லை. கனடாவின் தலைமாட்டில், மரம் என்று ஒன்று முளைக்காத கரையில் கிடக்கிற இந்தச் சின்ன ஊரில் புருவம் மேலே போனால் ஓம், மூக்கு சுருங்கினால் இல்லை. வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு கிழவரிடம் நெஞ்சு நோகிறதா, நெஞ்சு நோகிறதா என்று பவளராணி திரும்பத் திரும்பக் கேட்க, அவரும் சளைக்காமல் புருவத்தை உயர்த்திக்கொண்டிருக்க, மனிசனுக்குக் காது கேட்காதாக்கும் என்று நினைத்து அவர் காதுக்குள் லைற் அடித்துப் பார்த்த கதையை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. இப்போது அவளுக்கும் அது தொற்றிவிட்டது. ரொறன்ரோவுக்குப் போனால் மகள் கவின்யா, அம்மா தேத்தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்பாள், இவளுடைய புருவம் தன்பாட்டில் மேலே போகும், ஏனம்மா முழுசுறியள் என்று மகளுக்குக் கோபம் வரும். தொற்றியது தேத்தண்ணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எலிசாபி போனைக் காதில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தாள். ஓடுபாதையின் மேலால் பனி புழுதி போல அள்ளுண்டு போய்க்கொண்டிருந்தது. வரும் என்றால் எப்போது வரும் என்பது புருவத்தில் இல்லை. விமான நிலையம் என்று சொல்கிறார்களே தவிர இது ஒரே ஒரு அறை, வரிசையாகப் பிளாஸ்ரிக் கதிரைகள், எடை போடுகிற தட்டு, கொதித்துக் கொதித்துக் கஷாயமாகிவிட்ட கோப்பி. பவளராணி பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையில் மிளகாய்த்தூள், இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, கொஞ்ச நாளைக்கு என்று சொல்ல முடியாத அளவு உடுப்பு. அதைத் தட்டில் வைத்து நிறுத்தபோது எலிசாபி ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

துலுகாக் எவ்வளவு தூரம்? நூல் பிடித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. இதை நூல் பிடித்துப் பார்த்த மனிசன்தான் இப்போது துலுகாக்கில் இருக்கிறார், அவளுடைய கணவர் வில்வராசா, அங்கே கூட்டுறவுக் கடைக்கு, ஊர்ப் பேச்சில் சங்கக்கடைக்கு, மனேச்சர். ஸ்கார்பரோவில் அந்த அடுக்குமாடிக் குசினிச் சுவரில் காப்புறுதிக்காரர் யாரோ இலவசமாகக் கொடுத்த கனடாப் படம் தொங்கியது. அவளுக்கு நவ்யாட் சுகநிலையத்தில் நர்ஸ் வேலை வந்திருந்தது. அவர் பிஸ்கற் பக்ரறியில் பெட்டி தூக்கிப் பறித்துக்கொண்டிருந்தார். துலுகாக்கில் சங்கக்கடைக்கு ஆள் தேவையாம் என்று விளம்பரம் பார்த்ததும் முகம் முழுக்கப் பல்லாய்ப் போனது. இஞ்சாரும், நான் சாவகச்சேரியில விட்டிட்டு வந்த சங்கக்கடை என்னைத் தேடிக்கொண்டு வந்திட்டுது. அவளுடைய தையல் பேணியைத் திறந்து ஒரு நூல் எடுத்து, பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திர வாத்தியார் காட்டிக்கொடுத்தபடி நாக்கில் தொட்டு நனைத்து, நவ்யாட்டில் ஒரு முனை, துலுகாக்கில் ஒரு முனை. பிறகு அதே நூலைக் கீழே அளவுச் சட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, யாழ்ப்பாணத்திலயிருந்து வவுனியா கூட இல்லையப்பா, என்றார். சனிக்கிழமை விடிய பஸ் எடுத்தால் மத்தியானச் சாப்பாடு உம்மடை கையால. அவளும் எட்டிப் பார்த்தாள். இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு மெல்லிய நீலக்கோடு ஒன்று நேராக ஓடியது. றோட்டு நல்ல நேர் றோட்டாய்க் கிடக்கு என்று அவள்தான் சொன்னாள், அந்தப் பெருமையை அவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அது றோட்டில்லை, அகலக்கோடு, படத்தில் குறுக்கே கீறுகிற அட்சரேகை. பூமிசாத்திரத்தில் எண்பது மார்க் எடுத்த மனிசனும் நோயாளியின் கையில் ஒளிந்த நரம்பைத் தேடிப் பிடிக்கிற நர்ஸும் சேர்ந்து அகலக்கோட்டில் பஸ் ஓடும் என்று நம்பி இரண்டு வேலைக்கும் கையெழுத்து வைத்தார்கள். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது றோட்டு இல்லை, பஸ் இல்லை, இடையில் கடலும் பனியும் பாறையும், பழகினவர்கள் வசந்தத்தில் பனிவண்டியில் போவார்களாம், பழகாதவர்கள் போனால் திரும்பி வரமாட்டார்களாம். பிளேன் இருக்கிறதே என்றால், இருக்கிறது. ஆனால் அது நேரே போகாது.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதுதான். நவ்யாட்டில் ஏறினால் தெற்கே, தெற்கே, சாப்பிட்டுத் தூங்கி எழும்புகிற தூரம் போய் ஒரு நடு ஊரில் இறங்க வேண்டும். வடக்கில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அங்கே இறங்கித்தான் ஏற வேண்டும். அன்றிரவு அங்கே படுத்து, அடுத்த நாள் வேறு பிளேனில் வந்த தூரம் எல்லாம் திரும்ப வடக்கே ஏறினால் துலுகாக். காற்றுக் கிளம்பினால் நாலு நாள். அந்த நடு ஊருக்கு நல்லதொரு பெயர் இருந்தது, ஆனால் வில்வராசா முதல் தரமே அதற்குச் சந்தி என்று பெயர் வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்து மருதனாமடச் சந்தி மாதிரி, எல்லாரும் இறங்கி ஏறுகிற இடம்தானே. பிறகு ஒருவர் மற்றவருடைய ஊருக்குப் போவதை விட்டுவிட்டார்கள், இரண்டு பேரும் சந்திக்கே வந்தார்கள். துலுகாக்குக்கு அவள் ஒரேயொரு தரம்தான் போயிருக்கிறாள். சந்தியில் ஓர் ஓட்டல் இருந்தது, ஒன்றே ஒன்று. அவள் காலைப் பிளேனில் வருவாள், அவர் பின்னேரப் பிளேனில் வருவார், பை இல்லாத மாதிரி ஒரு பை, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துச் சீவி, ஜக்கெற்றுக்குள்ளே அயன் பண்ணின நீலச் சேட்டு. வேறு வேறு ஊரிலிருந்து வந்து ஒரே அறை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வேறு வேறு திசையில் போகிற இந்த இரண்டு பேரையும் பார்த்து அந்த ஓட்டல்காரி என்ன நினைத்தாளோ, அவர்கள் வந்தால் கடைசி அறையைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள். கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, பிள்ளை பல்கலைக்கழகமும் போன பிறகு களவாய்ச் சந்திக்கிறதாகப் பெயர் எடுத்தோமே என்று பவளராணி வெட்கப்பட்டாள், வெட்கம் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. வெந்நீர்க் கேத்தலுக்குள்ளே அவர் முட்டை அவிப்பார். அவள் கொண்டுவந்த சம்பலை வைத்துப் பாணோடு சாப்பிடுவார்கள். சன்னலுக்கு வெளியே பனி தள்ளுகிற வாகனம் அங்கும் இங்கும் போகும், அதைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பார்கள், பேச என்று ஒன்றும் இருக்காது, பேச வேண்டியதெல்லாம் கிழமை முழுக்கப் போனில் பேசித் தீர்ந்திருக்கும். அவருடைய தோளில் கரிபூ மான் இறைச்சி மணமும் கடைச் சவர்க்கார மணமும். ஓட்டல் கட்டிலில் ஈரத் துவாயைப் போடுவார், அவள் ஏசுவாள், அந்த ஏச்சுக்கூட ஒரு சந்தோசமாய்த்தான் கிடந்தது. எப்போது அது குறைந்தது? அவளுக்கு ஒரு தரம் லீவு கிடைக்கவில்லை, அவருக்கு ஒரு தரம் சாமான் கப்பல் வந்தது, ஒரு தரம் காற்று. பிறகு அவர் சாட்டுச் சொல்லத் தொடங்கினார். கடையில கணக்கெடுப்பு. கடையில கூரை ஒழுகுது. கடைசி நத்தார் பண்டிகைக்குச் சந்தியில் அவள் கடைசி அறையை எடுத்துக்கொண்டு தனியே இருந்தாள், அவர் வரவில்லை. ஓட்டல்காரி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கைவிடப்பட்டவளைப் பார்க்கிற பார்வை. இவர் என்ரை புருசன் என்று அந்த மனிசியிடம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது, அவர்தான் வரவில்லையே, யாரைக் காட்டிச் சொல்வது.

எலிசாபி போனில் சிரித்தாள். சிரித்தால் நல்ல செய்தியோ? இல்லை, யாரோ மச்சாளாக இருக்கும். ஓடுபாதை ஓரத்தில் காற்றின் திசை காட்டுகிற துணிக்கூம்பு விறைத்துப்போய் நின்றது. போன் என்றால் பவளராணிக்கு அதுவும் ஒரு வீடு மாதிரித்தான். பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் அவருடைய நம்பரை அழுத்தி, போனைக் குசினி மேசையில் மல்லாக்க வைத்துவிடுவாள். அங்கே அவரும் அப்படித்தான். பேசுவதற்கில்லை. அவள் வெங்காயம் வெட்டுவாள், அவர் வெங்காயம் வெட்டுவார். தண்ணீர் ஓடும், மூடி விழும், அவர் மூக்கைச் சிந்துவார், ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடிவிட்டு இரண்டாம் வரியை மறந்து முனகுவார். கடுகு போட்டிட்டியளோ? இப்பத்தான். அங்கே வெடிக்கிற கடுகு இங்கே கொஞ்சம் பிந்தித்தான் வெடிக்கும். இந்த ஊர்களின் போன் பேச்சு ஆகாயத்தில் சுற்றுகிற செய்மதி வரைக்கும் ஏறி இறங்குகிறதாம், குரலும் சந்தி சுற்றித்தான் வருகுது பாரும் என்பார். அதனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, சொல்லும், இல்லை நீங்கள் சொல்லுங்கோ, சொல்லும் என்று ஒரு நாடகம் தினமும் நடக்கும். ஆனால் சத்தங்களுக்குப் பிரச்சினை இல்லை. சத்தத்தில் அவளுக்கு அந்தக் குசினி முழுக்கத் தெரியும். குளிர்சாதனப் பெட்டிக்கு எத்தனை அடி, கதிரை எந்தப் பக்கம், புட்டு அவிக்கிற நாள் எது, புட்டு அவிக்கிறேன் என்று சொல்லிவிட்டு முட்டை பொரிக்கிற நாள் எது. அந்த வீட்டை அவள் இரண்டு கிழமை கூடப் பார்த்ததில்லை, கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள்.

அதனால்தான் முதலில் அவளுடைய காதுக்குத் தெரிந்தது. அகப்பை. தாச்சி விளிம்பில் அகப்பையைத் தட்டுவது எல்லாரும் செய்கிறதுதான், டக், டக், இரண்டு தட்டு. அவருடைய தட்டு இப்போது டக் என்று நிற்காமல் டகடகடக என்று போயிற்று. என்னப்பா, மேளம் அடிக்கிறியளோ என்று பகிடியாகக் கேட்டாள். குளிர் என்றார். குசினிக்குள்ளே என்ன குளிர். பிறகு காலடி. அடுப்பிலிருந்து தொட்டிக்கு முன்பு மூன்று எட்டு, இப்போது ஏழோ எட்டோ, சின்னச் சின்னதாய், அதிலும் ஒரு கால் நிலத்தை உரசிக்கொண்டு வருகிற சத்தம். கதிரையை இழுக்கிறேன் என்றார். கதிரைச் சத்தம் அவளுக்குத் தெரியாதா. பிறகு மெல்ல மெல்லச் சமையல் சத்தமே குறைந்தது. போன் மேசையில் கிடக்கும், அந்தப் பக்கம் மைக்ரோவேவ் மணி அடிக்கும். சேட்டுப் பொத்தான் பூட்ட முடிகிறதா, கையெழுத்துச் சின்னனாய்ப் போகிறதா, கிளினிக்கில் ஒரு நோயாளி என்றால் இதையெல்லாம் வரிசையாகக் கேட்டிருப்பாள். வியாதியின் பெயரும் அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரை அவள் மனதுக்குள்ளே கூடச் சொல்லிப் பார்க்கவில்லை, பெயர் வைக்காத பிள்ளையைக் காத்து கறுப்பு அண்டாது என்கிற மாதிரி, நர்ஸ்மாருக்கும் அப்படி ஒரு மூடத்தனம் இருக்கத்தான் செய்கிறது. போன கிழமை கேட்டுவிட்டாள். வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு, போனைக் கையில் எடுத்து, இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஏதோ செய்யுது, நான் வேலையை விட்டிட்டு வந்து உங்களோட இருக்கட்டோ என்று கேட்டாள். சத்தமில்லை. செய்மதிக்குப் போய்வருகிற நேரம் கழிந்தது. அதற்குப் பிறகும் சத்தமில்லை. கேக்குதோ? கேக்குது. அப்ப ஏன் பேசாமல் நிக்கிறியள்? அடுப்பில பருப்புக் கிடக்கு, பிறகு எடுக்கிறன், என்று வைத்துவிட்டார். அடுப்பில் பருப்பு இல்லை. பருப்புக் கொதிக்கிற சத்தம் அவளுக்குத் தெரியும்.

அந்தச் சத்தமில்லாத இடத்தில் அவர் என்ன செய்தார்? இந்தக் கேள்விதான் ஒரு கிழமையாக முள்ளாய்க் குத்திக்கொண்டு நிற்கிறது. ஏனென்றால் அந்த வியாதி அவரையும் பிடித்திருந்தது, புருவ வியாதி. போனில் அவள் ஏதும் கேட்க, அவர் துலுகாக்குக் குசினியில் தனியே நின்று சுவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டுப் பதில் சொல்லியாகிவிட்டது என்று நினைத்திருப்பார். இவள் கத்துவாள். அட, உமக்குத் தெரியாதென்ன, ஓம் எண்டனான், என்பார். இவளும் அதையே செய்திருக்கிறாள், எத்தனையோ தரம். சனங்கள் ஆயிரம் விதமாகச் சண்டை பிடிக்கிறார்கள், போனில் புருவம் உயர்த்திச் சண்டை பிடிக்கிற புருசன் பெண்சாதி உலகத்தில் இந்த இரண்டு பேராகத்தான் இருக்கும். அப்படியென்றால் அன்றைக்குப் புருவமா, மூக்கா? வா என்றாரா, வராதே என்றாரா? வராதே என்பதற்கும் காரணம் இருக்கும். சந்தியில் சந்தித்துச் சந்தித்துப் பழகின மனிசனுக்கு ஒரே வீட்டில் ஒரு பெண்சாதி பாரமாக இருக்கலாம். கிட்ட உறவு முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள். இந்த ஊர்களுக்கு வந்தபோது கவின்யாவுக்குப் பதினெட்டு, இப்போது அவளுக்கு ஒரு பிள்ளை. அவ்வளவு காலமும் பவளராணி குடித்தனம் நடத்தியது ஒரு குரலோடும் ஓர் அகப்பையோடும். அந்தக் குரலுக்கு உடம்பு ஒன்று இருக்கிறது, அது நடுங்குகிறது, அது அவளுக்குத் தெரியாத உடம்பு. இரவில் அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறார் என்று அவளுக்கு இப்போது தெரியுமா? இல்லை. பயமாக இருந்தது. வியாதிக்கு அவள் பயப்படவில்லை, வியாதியை அவள் தினமும் பார்க்கிறாள். கதவைத் திறந்து, ஏன் வந்தனீர் என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயம். வருகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சந்திக்குப் போய், இனித் திரும்ப ஏலாது என்கிற இடத்தில் நின்று, இன்றிரவு போன் எடுப்பதாக எண்ணம். வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. வீட்டைப் பூட்டித் திறப்பையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர் மூக்கைச் சுருக்கினால் அவளுக்கு இப்போது போக இடம் இல்லை, மகள் வீட்டு சோபாவைத் தவிர.

ஆர் உங்களை வரச் சொன்னது? இது அவள் கேட்ட கேள்வி, எவ்வளவோ காலத்துக்கு முதல், வவுனியா ஆஸ்பத்திரி வாசலில். கலியாணம் கட்டி ஆறு மாதம் ஆகவில்லை, அவளுக்கு வவுனியாவில் வேலை, அவருக்குச் சாவகச்சேரியில் சங்கக்கடை, இடையில் சண்டை, பாதை பூட்டு. நூல் பிடித்தால் அதுவும் கிட்டத்தான். அவர் கிளாலிக் கரைக்குச் சைக்கிளில் வந்து, கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்து, உழவு இயந்திரப் பெட்டியில் குந்தி, பிறகு நடந்து, முழங்கால் வரைக்கும் சேறோடு, கையில் ஒரு பை பனம்பழத்தில் செய்த பாணிப் பனாட்டோடு வார்ட்டு வாசலில் வந்து நின்றார். வழியில் வள்ளத்துக்கு வெடி விழுகிற காலம். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை, செத்துப்போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்கிற கோபம். நோயாளிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஆர் உங்களை வரச் சொன்னது என்று கத்தினாள். அவர் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தரும் சொல்லேல்லை, வரவேணும் போல கிடந்தது, என்றார். அன்றைக்கு அவள் அவருக்கு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கால் கழுவத் தண்ணி வார்த்தாள். தாதியர் விடுதிக்கு ஆண்களை எடுக்க மாட்டார்கள், சமையற்காரம்மாவின் வீட்டு விறாந்தையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள், அவர் படுத்த அடுத்த நிமிடமே குறட்டை. இடது பக்கம் திரும்பிப் படுத்தார். தெரியும், அவளுக்குத் தெரியும், இடது பக்கம்தான். இதை எப்படி மறந்தாள்? அன்றைக்கு முழுக்க வேலை செய்துகொண்டே ஓடி ஓடி வந்து அந்த முதுகைப் பார்த்துவிட்டுப் போனாளே.

"பவ்லா," என்று எலிசாபி கூப்பிட்டாள். இந்த ஊரில் அவளுக்கு அதுதான் பெயர். "உன் சந்தி மூடிப்போயிற்று." சந்தி என்ற சொல்லை எலிசாபிக்கும் பழக்கியிருந்தாள். "அங்கே பனிக்காற்று, ஓடுபாதையே தெரியவில்லையாம். பிளேன் இங்கே வரும், ஆனால் சந்திக்குப் போகாது." திறப்பைக் கொடுத்தவள் இன்றைக்கு எங்கே படுப்பது என்று யோசனை ஓட முதலே எலிசாபி சொன்னாள், "விமானி துலுகாக்கில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறாராம். அங்கே வானம் வெளியாம், எண்ணெயும் இருக்காம். சந்திக்குப் போக வேண்டியவர்கள் இங்கே நிற்கலாம், இல்லையென்றால் ஏறிப்போய் அங்கே காத்திருக்கலாம். நீ அங்கேதானே போக வேண்டும்?" பவளராணியின் புருவம் தன்பாட்டில் மேலே போயிற்று. "நேரேயோ?" என்று அதற்குப் பிறகுதான் வாய் கேட்டது. "நேரே," என்றாள் எலிசாபி. "உன் மனிசனுக்கு ஆள் இறங்குகிறாய் என்று சொல்ல வேணாமா? நான் அங்கத்தைய ஏஜென்ற்றிடம் சொல்லிவிட்டேன். அவன் ஊர் ரேடியோவில் சொல்லிவிட்டானாம்." ஐயோ! ஊர் ரேடியோ என்றால் எல்லா வீட்டிலும் எல்லாக் கடையிலும் விடிந்ததிலிருந்து பாடிக்கொண்டே இருப்பது. கையுறை தொலைந்தால் அதில் சொல்வார்கள், பிறந்தநாள் என்றால் சொல்வார்கள், சங்கக்கடை மனேச்சரின் பெண்சாதி பிளேனில் வருகிறாள் என்றும் சொல்லியாயிற்று. அவருடைய கடையிலும் ரேடியோ பாடும். அரிசி மூட்டைக்கு நடுவில் நின்று கேட்டிருப்பார். யோசித்து வைத்த ஒரு சொல்லும் இனிப் பிரயோசனமில்லை. "அவர் என்ன சொன்னாராம்?" என்று கேட்டாள். எலிசாபி தோளைக் குலுக்கினாள், அவளிடம் அதற்குப் புருவமும் இல்லை, மூக்கும் இல்லை.

பிளேன் சின்னது, முன்பாதி முழுக்கச் சாமான், பின்பாதியில் ஆட்கள். பவளராணி வார் பூட்டினாள். எத்தனை தரம் இதில் ஏறியிருக்கிறாள், எப்போதும் ஏறினதும் பிளேன் கடல்பக்கம் போய்த் தெற்கே வளையும், அந்த வளைவில் அவளுக்கு ஒவ்வொரு தரமும் நெஞ்சு ஒரு பக்கம் சரியும், அவரை விலத்திப் போகிறோம் விலத்திப் போகிறோம் என்று. இன்றைக்கு அது வளையவில்லை. நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டே இருந்தது. கீழே வெள்ளையாய்ப் பாறை, வெள்ளையாய்க் கடல், அதில் யாரோ பனிவண்டியில் போன தடம் கொஞ்ச தூரம் கூடவே வந்து ஒரு பக்கமாய்த் திரும்பிற்று. நீலக்கோடு ஒன்றும் இல்லை. வரமாட்டார், ஏஜென்ற்றை அனுப்புவார் என்று நினைத்தாள். வருவார், வந்து எல்லாருக்கும் முன்னால் சிரித்துவிட்டு வீட்டில் கேட்பார் என்று நினைத்தாள். வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினாள், அதற்கு ஒரு சொல் வாயில் வர முதலே காது அடைத்தது. இறங்கப் போகிறோம் என்று விமானி சொன்னார். பவளராணி பக்கத்தில் இருந்த பெடிச்சியின் மணிக்கூட்டை எட்டிப் பார்த்தாள். அரைமணித்தியாலம் கூட ஆகவில்லை. ஒரு பானை சோறு வடிக்கிற நேரம். இவ்வளவுதானா? நத்தார் எல்லாம், ஓட்டல் அறை எல்லாம், செய்மதி வரைக்கும் போய்வந்த குரல் எல்லாம், இவ்வளவு தூரத்துக்காகவா? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபம், யாரோடு என்று தெரியாத கோபம். பெடிச்சி கண் துடைக்க ஒரு ரிசுவை நீட்டினாள்.

வந்திருந்தார். அவர் மட்டுமா, பாதி ஊர் வந்திருந்தது. மனேச்சர் தினமும் போனில் சோறு சமைக்கிற அந்தப் பெண்சாதி மெய்யாகவே வந்துவிட்டாளா என்று பார்க்க வந்திருந்தார்கள். அவர் கடை ஏப்ரனுக்கு மேல் ஜக்கெற் மாட்டி, அதிலும் பொத்தான் பூட்டாமல், கதவுக்கு உள்ளே சுவரோடு நின்றார். மெலிந்திருந்தார். முகத்தில் சிரிப்பு வருவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது, போன் பேச்சு மாதிரி. வலது கை ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளே இருந்தது. அவளை நோக்கி வந்தார், சின்னச் சின்ன எட்டு, ஒரு கால் நிலத்தை உரசியது. அந்தச் சத்தத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தரம். இடது கையால் அவளுடைய பையை வாங்கப் பார்த்தார், அவள் கொடுக்கவில்லை.

"ஆர் உம்மை வரச் சொன்னது?" என்றார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. வரவேணும் போல கிடந்தது."

அவர் அவளைப் பார்த்தார். அந்த வாசலும் சேறும் அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் மரியாதைக்குக் கொஞ்சம் விலகினார்கள், ஆனால் போகவில்லை.

"கையை வெளியில எடுங்கோ."

"குளிருது."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, தன் கையை அவருடைய பொக்கற்றுக்குள்ளே விட்டாள். உள்ளே அந்தக் கை தனியே கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தாள். பிடித்த பிறகும் நடுங்கியது, அவள் விடவில்லை.

"போன கிழமை ஒண்டு கேட்டனான். நீங்கள் சத்தம் காட்டேல்லை. பருப்பெண்டு சொன்னனீங்கள்."

"ம்."

"திரும்பக் கேக்கிறன். நான் இஞ்சை உங்களோட இருக்கட்டோ?"

முதலில் மூக்குத்தான் சுருங்கியது. இல்லை என்கிறார் என்று பவளராணி நினைத்தாள். அந்தச் சுருக்கம் நிற்காமல் உதட்டுக்கு இறங்கி, நாடிக்கு இறங்கி, முகம் முழுக்கக் கோணிப் போக, அவர் அழுகிறார் என்று அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. குரலில் அவர் அழுது அவள் கேட்டதேயில்லை. பிறகு, கண்ணில் தண்ணி வழிய வழிய, அவர் இரண்டு புருவத்தையும் உயர்த்தினார்.